விட்ட இடத்திலிருந்து தொடரும் பெட்டி

கடந்த காலபோகத்தில், கதிர் பால் பிடிக்கத் தொடங்கிய நாட்களில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் எங்கள் வயலில் இரவுக் காவலுக்குத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிய சிறிய எம்பி3 பிளேயர் ஒன்றைப் பற்றி இங்கு எழுதுகிறேன். பாட்டுக் கேட்பதற்காக அதை நான் வாங்கவில்லை. ஒலிநூல் கேட்பதற்கென்றே வாங்கி, ஏறத்தாழ ஒரு வருடமாக அதற்கு மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். ஆகையால் பாட்டுக்கு இது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிதாகப் பதில் இல்லை.

கருவி நெருப்புப்பெட்டியை விடச் சற்று நீளமானது. முகப்பில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு திரையும் அதன் கீழே ஐந்து பொத்தான்களும் உள்ளன. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. இயர்போன் செருகுவதற்கு 3.5 மில்லிமீற்றர் துளை, மெமரி காட் போடுவதற்கு ஒரு வாய், எஃப்எம் வானொலி, குரற்பதிவு ஆகியன உண்டு. புளூடூத் இல்லை. பெட்டியில் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் அதே கருவி வேறு இரண்டு பெயர்களில் வேறு கடைகளில் தொங்குவதைப் பின்னர் கண்டேன். அதனால் பெயரைச் சொல்வதில் வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து அதைத் தூசி தட்டி எடுத்துத் தந்த பையன், “இதை இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை அண்ணை, உங்களிட்டைப் போன் இருக்குத்தானே?” என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி.

போன் இருக்கிறது. முதல் இரண்டு இரவுகள் போனில்தான் கேட்டேன். காவற்கொட்டிலில் இருப்பவனுக்குப் போன் என்பது பொழுதுபோக்குச் சாதனமல்ல. பக்கத்து வயற்காரர் யானை இறங்கிவிட்டது என்று அழைப்பதற்கும், நாம் அவரை அழைப்பதற்கும் உரிய ஒரே வழி அதுதான். நள்ளிரவில் அதன் பற்றரி பதினைந்து வீதத்துக்கு இறங்குமாயின் கதையில் மனம் நிற்பதில்லை. இன்னொரு தொல்லை வெளிச்சம். ஒரு முறை திரையைத் தொட்டால் போதும், வயலிலுள்ள பூச்சியெல்லாம் முகத்துக்கு வந்துவிடும். அதற்கும் மேலாக, இருட்டுக்குப் பழகியிருந்த கண் மறுபடியும் குருடாகி, வரம்போரத்தில் அசைவது பன்றியா நாயா என்று பிரித்தறிய மேலும் சில நிமிடங்கள் பிடிக்கும். இந்தப் பெட்டியிலோ திரையைப் பார்க்கவே தேவையில்லை. சாரத்தின் மடிப்புக்குள் இருக்கும்போதே கட்டைவிரலால் தடவி நடுப்பொத்தானை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும்.

அந்தத் தொடர்தலை வைத்தே இக்கருவியை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. ஒலிநூல் கேட்பதற்கு எங்களுக்கு வாய்க்கும் பொழுது ஒருநாளும் முழுசாக வருவதில்லை. சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரும்வரை மதகடியில் குந்தியிருக்கும் முக்கால் மணிநேரம், வீதியோரத்தில் காயப்போட்ட நெல்லை மாடு மேயாமல் பார்த்துக்கொண்டு மரநிழலில் இருக்கும் மதியம், அம்மாவின் கிளினிக் இலக்கம் கூப்பிடப்படும்வரை வாங்கில் காத்திருக்கும் காலை, பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நிற்கும் இருபது நிமிடங்கள் என்று அது துண்டு துண்டாகவே வரும். எந்தத் துண்டு எப்போது முடியும் என்பதும் நம் கையில் இல்லை. தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் குரல் கொடுத்தால் கதாநாயகன் கிணற்று விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மண்வெட்டியை எடுக்கத்தான் வேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி அழுத்தும்போது அவன் அதே விளிம்பில் தொங்கவேண்டும். அதைச் செய்யாத கருவி, ஒலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், புத்தகத்துக்கு உதவாது.

இந்தப் பெட்டி அதைச் செய்கிறது, ஒரு நிபந்தனையோடு. பாட்டுக்குரிய கோப்புறையில் போட்ட கோப்புகளை அது பாட்டாகவே நடத்துகிறது: நடுவில் வேறொன்றைக் கேட்டுவிட்டுத் திரும்பினால் ஆரம்பத்திலிருந்து பாடத் தொடங்கும். ஒலிநூலுக்கென்று தனியாக உள்ள கோப்புறையில் போட்டவற்றுக்கு மட்டுமே, ஒவ்வொரு நூலுக்கும் வெவ்வேறாக, நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. இதைக் கையேடு சொல்லவில்லை. முதல் வாரம் முழுதும் இதை அறியாமல் கடையையும் செய்தவனையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். விலை கூடிய பிளேயர்கள் சிலவற்றிலும் இதே ஏற்பாடு இருப்பதால், எதை வாங்குபவரும் கடையிலேயே இரண்டு கோப்புகளை அந்தத் தனிக் கோப்புறையில் போட்டு, ஒன்றைப் பாதியில் நிறுத்தி, மற்றதைக் கேட்டு, கருவியை அணைத்து, மறுபடி திறந்து முதலாவதற்குத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

நினைவு தவறிய சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. தை மாதத்து இரவொன்றில் பற்றரி முழுவதும் இறங்கிக் கருவி தானாகவே அணைந்துபோனது. காலையில் சார்ஜ் ஏற்றித் திறந்தபோது, ஏறத்தாழ ஆறு மணிநேரம் நீளும் ஒரே கோப்பாக நான் ஏற்றியிருந்த நாவல் முதல் வரியிலிருந்து தொடங்கியது. ஒழுங்காக அணைக்கும்போதுதான் அது இடத்தை எழுதி வைக்கிறது போலும். சட்டென்று உயிர் போனால் எழுத அவகாசம் இல்லை. வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நாலரை மணிநேரக் கதையைக் கடந்து போவது என்பது, வரம்பில் நின்றுகொண்டு வாய்க்கால் நீரைச் சிரட்டையால் இறைப்பது போன்றது. அன்றிலிருந்து எந்த நூலையும் இருபது நிமிடத்துக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டியே ஏற்றுகிறேன். இடம் தவறினாலும் அத்தியாயம் தவறாது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம்.

வெட்டும்போதே இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறேன்: இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி மோனோவாக மாற்றுவது. காரணம் யானை. காவலில் இருப்பவன் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டிருக்க முடியாது; கிளை முறியும் ஓசைக்கும், நாய் குரைப்பு மாறும் விதத்துக்கும், தூரத்து வயலில் யானை வெடி வெடிக்கும் சத்தத்துக்கும் ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆகவே இயர்போனின் இடப்பக்கம் காதில், வலப்பக்கம் கழுத்தில் தொங்கும். இரு தடங்களாகப் பதிந்த நாடகப் பாணி ஒலிநூலொன்றை இப்படிக் கேட்டபோது, வலப்பக்கம் நிற்பவராகப் பதியப்பட்ட பாத்திரம் முணுமுணுப்பதாக மட்டுமே கேட்டது. மருமகள் நீளமாகச் சண்டை பிடிக்க, மாமியார் பதிலே சொல்லாமல் இருப்பதாக நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மோனோவாக்கியபின் மாமியாரும் வாய் திறந்தார்.

மனிதக் குரலுக்குப் பாட்டுக்கு வேண்டிய அளவு தரவு தேவையில்லை. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை மட்டுமே கடத்தின. அதற்குள்ளேயே பேசுவது யார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது நமக்கு விளங்கியது. செக்கனுக்கு 64 கிலோபிட் வீதத்தில் மோனோவாகப் பதிந்த எம்பி3 கோப்பு ஒரு மணிநேரத்துக்கு 28.8 மெகாபைட் பிடிக்கும். அப்படியாயின் 16 கிகாபைட் காட் ஒன்றில் 500 மணிநேரத்துக்கு மேல் கொள்ளும். பல போகங்களுக்குப் போதும். அதனால் பெரிய காட் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட காட்கள் பொதுவாக எக்ஸ்ஃபாட் முறையில் வடிவமைக்கப்பட்டு வருவதால் இத்தகைய மலிவுக் கருவிகள் பலவற்றுக்கு அவற்றை வாசிக்கவும் தெரியாது.

இனி எனக்கு உண்மையிலேயே கோபமூட்டிய விடயம். தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. பதினெட்டு நூல்கள், பதினெட்டும் ஒரே மாதிரிக் கட்டவரிசை; எது எதுவென்று திறந்து கேட்டால்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றினால் வேறொரு வேடிக்கை: 1, 10, 11, 2 என்று எழுத்து வரிசையில் அடுக்கி, இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் பத்தாம் அத்தியாயத்தைப் பாடியது; அதாவது கல்யாணத்துக்கு முன்னரே பிள்ளைக்குக் காது குத்தியாயிற்று. 001, 002 என்று மூன்று இலக்கமாக எண்ணிட்டால் அது தீரும். ஆனால் அப்படி எண்ணிட்டும் ஒரு நூல் மட்டும் தாறுமாறாகவே ஒலித்தது. துருவிப் பார்த்ததில், மெமரி காட்டிலுள்ள கோப்புகளை மட்டும் இக்கருவி பெயர் வரிசையில் அல்லாமல், கணினியிலிருந்து எந்த ஒழுங்கில் வந்து இறங்கினவோ அந்த ஒழுங்கிலேயே பாடுகிறது என்று விளங்கியது. மலிவான பிளேயர்களுக்கு இது பொதுவான குணம். கோப்புறையை மொத்தமாகக் காட்டிலிருந்து நீக்கிவிட்டு அத்தியாயங்களை வரிசையாக மறுபடி பிரதி செய்தால் சரியாகும்; ஃபாட்சோர்ட் என்ற சிறு நிரலாலும் சரிசெய்யலாம். கணினி பழக்கமில்லாத ஒருவருக்கு இதையெல்லாம் சொல்லி வாங்கச் சொல்வது நியாயமா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் யாராவது வீட்டிலிருந்தால் வாங்கலாம்.

கருவி எப்படியிருந்தாலும் அதற்குள் போட நூல் வேண்டும். மாதச் சந்தாவுக்குப் புத்தகம் தரும் செயலிகளின் கோப்புகள் பூட்டப்பட்டவை; அவை அந்தச் செயலியை விட்டு இப்படியான பெட்டிக்குள் இறங்குவதில்லை. சில கடைகள் தரும் எம்4பி வகைக் கோப்புகளையும் இது வாசிக்காது, எம்பி3 ஆக மாற்றவேண்டும். எனக்கு அதிகம் உதவியது லிப்ரிவாக்ஸ். பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தொண்டர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிந்து இலவசமாக வழங்கும் முயற்சி அது, 2005இல் தொடங்கப்பட்டது. கோப்புகள் அத்தியாயம் அத்தியாயமாக, 64 கிலோபிட் தெரிவோடு ஏற்கெனவே எம்பி3 ஆகவே கிடைப்பதால் வெட்டும் வேலை இல்லை. தமிழ் நூல்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு. வாசிப்பவர் தொண்டர் என்பதால் தரம் ஏறி இறங்கும். ஒருவர் பின்னணியில் மின்விசிறி சுழல வாசித்திருக்கிறார், இன்னொருவர் ழகரத்தை நான் கேட்டவற்றிலேயே மிக அழகாக உச்சரிக்கிறார்.

ஈழத்து எழுத்தாளர்களைக் கேட்பது அதைவிட அரிது. 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அதன் சகோதர முயற்சியான ஆவணகத்தில் நேர்காணல்கள், வாய்மொழிப் பதிவுகள் எனக் கேட்கவும் சில உண்டு. ஆனால் ஒரு நாவலை முதலிலிருந்து முடிவுவரை எங்கள் ஊர்க் குரலில் கேட்கவேண்டுமாயின் நாமேதான் வாசித்துக்கொள்ள வேண்டும். கடந்த பள்ளி விடுமுறையில் என் மகள் தன் அப்பம்மாவுக்காக ஒரு சிறுகதைத் தொகுதியை வாசித்து, இதே கருவியின் குரற்பதிவில் பதிந்தாள். ஒலிவாங்கி ஒரு சிறு ஊசித்துளை. அதைச் சட்டைத் துணியால் மூடிவிட்டால் குரல் பெட்டிக்குள் அடைத்ததுபோல் வரும், அரைச்சாண் தள்ளி மேசையில் வைத்தால் தெளிவாக வரும். ஒரு கதையின் நடுவே பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. அம்மா அதை நீக்க விடவில்லை.

அம்மா இந்த மதிப்பீட்டுக்குள் வந்துவிட்டார். கண்ணில் புரை வளர்ந்து எழுத்து மங்கிப்போன அவருக்கு, கருவியை இரண்டு நாள் கொடுத்துப் பார்ப்போம் என்றுதான் கொடுத்தேன். ஐந்து பொத்தான்களும் ஒரே வழுவழுப்பு. விரலுக்கு வேறுபாடு தெரியவில்லை. நடுப்பொத்தானின் மேல் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு, அது மிளகளவு மேடாக இறுகியபின் கொடுத்தேன். “இப்ப பிடிபடுது தம்பி,” என்றார். அதன் பிறகு நிறுத்துவதும் தொடர்வதும் அவருக்குத் தடையில்லை. ஆனால் நூல் மாற்றத் திரையைப் பார்த்தாக வேண்டும்; எந்த நூலில் நிற்கிறது என்று கருவி வாய்திறந்து சொல்வதில்லை. ஒலிநூல் என்பதே முதலில் பார்வையற்றோருக்காக வளர்ந்தது: அமெரிக்காவில் 1934இலும் பிரித்தானியாவில் 1935இலும் இசைத்தட்டுகளில் வெளிவந்த பேசும் நூல்கள் அவர்களுக்கானவை, பிரித்தானிய முயற்சிக்கு முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களும் ஒரு காரணம். போரில் பார்வை இழந்தவர்கள் வாழும் வன்னியில் நின்று பார்க்கும்போது, அவர்கள் தனியே கையாள முடியாத ஒன்றாக இந்தப் பெட்டி செய்யப்பட்டிருப்பது பெரிய குறை. பேசும் பட்டியலோடு கூடிய கருவிகள் வெளியுலகில் உள்ளன. கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றுகூட இல்லை.

காதால் கதை கேட்பது எங்களுக்குப் புதிய பழக்கமல்ல என்பதையும் இடையில் சொல்ல வேண்டும். மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த தொண்ணூறுகளில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டவர்கள் நாங்கள். சுற்றுவது என் முறை என்றால் நாடகத்தின் பாதி வசனம் எனக்கு மூச்சிரைப்பில் போய்விடும். போனது போனதுதான், வானொலி நாடகம் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. அன்றைய அந்த ஏக்கம்தான் இன்று நடுப்பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு திருப்தியாகத் திரும்பி வருகிறதோ என்னவோ. 1997இல் ஓடிபிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஒலிநூற் கருவியில் ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பதிவுதான் கொள்ளுமாம்; அந்த இரண்டு மணிநேரம்கூட அன்று எங்களுக்குப் பெரும் செல்வமாக இருந்திருக்கும்.

பயணத்தில் இதன் மதிப்பு பாதியாகக் குறைகிறது. வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில் சாரதியின் பாட்டு ஒருபுறம், எஞ்சின் இரைச்சல் மறுபுறம். இரண்டையும் மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போக நேரிடும். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணிநேரம், 80 டெசிபல் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த இரைச்சலில் அது எந்த எல்லையில் நிற்கிறது என்று காட்ட இக்கருவியில் ஏதும் இல்லை. ஆகையால் பஸ்ஸில் கேட்பதை விட்டுவிட்டேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டி நின்று, எல்லோரும் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் இறங்கும்போது ஒரு பத்து நிமிடம் கேட்பேன், அவ்வளவே. ரயிலில் நிலைமை வேறு. ஜன்னலோரத்தில் ஒரு காதில் கதையும் மறு காதில் தண்டவாளத்தின் தாளமுமாக மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று போவது இன்பமாகவே இருக்கிறது.

ஏனைய விபரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருபது மணிநேரம் என்று போட்டிருந்த பற்றரி, எனக்கு ஒருபோதும் பதினொரு மணிநேரத்தைத் தாண்டவில்லை. இரண்டு காவல் இரவுகளுக்கு அது போதும். கூடவே வந்த இயர்போன் ஒரு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையானது. நான் ஒரு பக்கம்தான் கேட்கிறேன் என்பதால் இரண்டு வாரம் கழித்தே அதைக் கவனித்தேன். கோடைச் செம்மண் புழுதி துளைக்குள் புகுந்து கரகரப்பு ஏற்பட்டபோது பல்லுக்குத்தியில் பஞ்சு சுற்றித் துடைத்ததும் தெளிந்தது. மழைக்குப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தேன். தூக்கத்தில் இயங்கிக்கொண்டே இருக்காமல் தானாக அணையும் நேரக்கணிப்பு உண்டு. முப்பது நிமிடத்துக்கு வைத்திருக்கிறேன். அணையும் முன் இடத்தை எழுதி வைக்கிறது, அதில் இதுவரை பிசகில்லை. காவலில் தூங்கியது வீட்டுக்குத் தெரியவேண்டாம்.

வரும் காலபோகத்துக்கு இன்னொன்று வாங்கவேண்டும். விதைப்பு முடிந்ததும் பழையதைத் தாருங்கள் என்று கேட்டபோது, அம்மா பெட்டியைத் தலையணைக்கடியில் தள்ளிக்கொண்டு, “இன்னும் ஏழு அத்தியாயம் கிடக்கு,” என்றார். நான் வெட்டி ஏற்றிய எண்ணிக்கையின்படி அந்த நூல் போன மாதமே முடிந்திருக்க வேண்டும்.